நண்டுக்கு ஈக்கான் பாஜாவை விட்டால் வேறு என்ன தீனி?

தம்பி, நீங்கள் கேட்டதைச் சுருக்கி முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மற்றவர்களுக்குத் தலையும் வாலும் புரியாது. மலேசியாவில், பேராக் மாநிலத்து ஊத்தான் மெலிந்தாங் பக்கம், தோட்டத்து ஓரமாக, சுங்கை பெர்ணாமிலிருந்து உப்புத்தண்ணீர் ஏறி இறங்கும் பாரிட்டை (வாய்க்காலை) ஒட்டி 200 பெட்டியில் சேற்று நண்டு போட்டுக் கொழுக்க வைக்கிறீர்கள். ஜெட்டியில் (படகுத்துறையில்) ஈக்கான் பாஜா, அதாவது கழிவாக ஒதுக்கும் பொடி மீன், விலை ஏறிக்கொண்டே போகிறது, கடல் கொந்தளிக்கும் வாரத்தில் காசு கொடுத்தாலும் கிடைப்பதில்லை. சுற்றிலும் செம்பனையும் தென்னையும்தான் இருக்கிறது, புண்ணாக்கு போட்டால் நண்டு தின்னுமா, புழு வளர்க்கலாமா, எதைப் போட்டால் மீனை முழுசாக விட்டுவிடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நானும் பாகான் டத்தோ பக்கத்து ஆள்தான். தென்னந்தோட்டத்து லயத்தில் பிறந்து, தோட்டத்து வேலையை விட்டு நண்டுக்கு வந்தவன். அதனால் புத்தகத்தில் இருப்பதையும் என் கையைச் சுட்டதையும் கலந்துதான் சொல்வேன்.

நேரடிப் பதில்: மீனுக்கு ஈடாக ஒரே ஒரு சாமானைத் தேடாதீர்கள், கிடைக்காது. நம் ஊரில் நத்தையை முதுகெலும்பாக வையுங்கள், மார்க்கெட்டு மீன் கழிவை இரண்டாவதாக, இறால் தலையைக் கொஞ்சமாக, புழுவை இன்னும் கொஞ்சமாக. புண்ணாக்கை நண்டுக்குப் போடாமல் புழுவுக்குப் போடுங்கள். ஏன் என்று கேட்டால்தான் கதை நீளும்.

ஈக்கான் பாஜா என்றால் என்ன? உர மீன். மனுஷன் தின்ன மாட்டான், தென்னைக்கு அடியில் புதைக்கலாம் என்று ஒதுக்கிய மீன், அதுதான் பெயர். ஆனால் கூடையைக் கொட்டிப் பாருங்கள். விரல் நீளத்துக்கு வளராத செலார், கெம்போங் குஞ்சு, கிசி குஞ்சு எல்லாம் அதில்தான் கிடக்கும். இன்னும் ஆறு மாதம் கடலில் விட்டிருந்தால் கிலோவுக்கு நல்ல வெள்ளி (ரிங்கிட்) கொடுத்திருக்கும். அதை அரைக்காசு விலைக்கு நாம் நண்டுக்குப் போடுகிறோம், அப்புறம் மீன் விலை ஏறிவிட்டது என்று நாமே புலம்புகிறோம். நான் ஒன்றும் பெரிய இயற்கைப் பாதுகாவலன் இல்லை, பத்து வருடம் அதையேதான் போட்டேன். இருந்தாலும் அந்தக் கூடையைப் பார்க்கும்போது கொஞ்சம் உறுத்தும்.

சரி, நண்டு எதைத் தின்னப் பிறந்தது என்று பாருங்கள். சேற்று நண்டு மீனைத் துரத்திப் பிடிக்கும் மிருகம் கிடையாது. அலையாத்திக் காட்டில் பிடித்த நண்டின் வயிற்றைத் திறந்து பார்த்த ஆய்வுகளில், இருந்ததில் ஏறக்குறைய பாதி நத்தையும் சிப்பியும், ஐந்தில் ஒரு பங்கு சின்ன நண்டு, இறால் வகை. மீன் கொஞ்சம்தான். அதன் கொடுக்கைக் கவனித்தாலே தெரியும். இரண்டும் ஒரே மாதிரி இருக்காது. பெரும்பாலும் வலது கொடுக்கு தடிப்பாக, உள்ளே கடைவாய்ப் பல் மாதிரி மொட்டு மொட்டாக இருக்கும், அது நொறுக்க. இடது கொஞ்சம் மெலிந்து கூர்மையாக இருக்கும், அது வெட்ட, கிழிக்க.

ஒரு நாள் சாயங்காலம் விளக்கைக் குறைத்துவிட்டுப் பெட்டி ஓரம் உட்கார்ந்து பாருங்கள். எலுமிச்சங்காய் அளவு நத்தை ஒன்றைப் போடுங்கள். நண்டு முதலில் கால் நுனியால் தட்டித் தடவும். அப்புறம் இடது கொடுக்கால் பிடித்துத் திருப்பி, நத்தை வாயின் விளிம்பை வலது கொடுக்குக்குள் கொண்டுவரும். ஒரேயடியாக நசுக்காது. விளிம்பிலிருந்து கொஞ்சம், ‘டக்’. திருப்பும். இன்னும் கொஞ்சம், ‘டக்’. கடலைத் தோலை உரிக்கிற கிழவி மாதிரி நிதானமாகச் சுற்றிச் சுற்றி உடைத்துக்கொண்டே போய், சதை தெரிந்ததும் இழுத்து வாய்க்குக் கொடுக்கும். பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். அந்தப் பதினைந்து நிமிடத்தில் தண்ணீரில் என்ன கரைந்தது? ஒன்றுமில்லை. அதே இடத்தில் ஊசிப்போன மீன் துண்டைப் போட்டால் பெட்டித் தண்ணீர் எண்ணெய் பூத்து நிற்கும்.

தீனியை மாற்றுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள், இதைப் பலர் செய்வதில்லை. எவ்வளவு போடுகிறீர்கள், எவ்வளவு மிஞ்சுகிறது என்று ஒரு வாரம் நிறுத்துப் பாருங்கள். 200 நண்டு, தலைக்குக் கால் கிலோ என்றால் 50 கிலோ உடம்பு. ஈரத் தீனி உடல் எடையில் 5 முதல் 10 சதவீதம் என்று சொல்வார்கள். நான் 6 வைத்துத் தொடங்குவேன், அதாவது நாளைக்கு 3 கிலோ. 25 நாள் வைத்தால் 75 கிலோ. மூன்றில் ஒரு பங்கு மிஞ்சினால் 25 கிலோ மீனை நீங்கள் தண்ணீரில் அழுகப் போட்டிருக்கிறீர்கள். காசு போனது ஒரு பக்கம். அழுகியது அம்மோனியாவாகி நண்டின் பசியைக் கெடுக்கும், பசி கெட்டால் இன்னும் மிஞ்சும், மிஞ்சினால் இன்னும் அழுகும். நண்டு ராத்திரி ஜீவன். மூன்றில் இரண்டு பங்கைப் பொழுது சாயும்போது போடுங்கள், மீதியை விடியற்காலை. காலை ஒன்பது மணிக்கு மிஞ்சியதை எடுத்துவிடுங்கள். எந்தப் பெட்டியில் மிஞ்சுகிறதோ அந்த நண்டுக்கு அடுத்த வேளை பாதி. இதைச் செய்தே என் தீனிச் செலவு கண்ணுக்குத் தெரிகிற அளவு குறைந்தது, அப்போது நத்தை ஒன்றுகூட வாங்கவில்லை.

இப்போது நத்தைக்கு வருவோம். நான் சொல்வது வயல் நத்தை, சிப்புட் கொண்டாங் எமாஸ். தென் அமெரிக்கச் சரக்கு, 1990களின் தொடக்கத்தில் நம் நாட்டு வயலுக்கு வந்து சேர்ந்தது. பாரிட்டு ஓரத்தில், புல் தண்டில், கொத்துக் கொத்தாக ரோஸ் கலரில் முட்டை ஒட்டியிருக்கும் பாருங்கள், அதுதான். தெலுக் இந்தானைத் தாண்டி சுங்கை மானிக் வயல், இந்தப் பக்கம் செகிஞ்சான் வயல், எங்கே போனாலும் நாற்று நட்ட புதிதில் இளங்குருத்தைக் கடித்துத் தள்ளுவதால் விவசாயிக்கு இது எமன். நீங்கள் போய் அள்ளிக்கொள்கிறேன் என்றால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்புவார்கள். கடலில் எதையும் குறைக்காமல், ஒருவருக்குத் தொல்லையாக இருப்பதைத் தீனியாக்குகிறோம். நீங்கள் தேடும் நீடித்து நிற்கிற தீனி நம் வட்டாரத்தில் இதைவிட வேறு எனக்குத் தெரியவில்லை.

ஆனால் இதில் மூன்று குழி இருக்கிறது. மூன்றிலும் விழக்கூடாது, ஒன்றில் நான் விழுந்தேன்.

முதல் குழி மருந்து. நத்தையைக் கொல்ல விவசாயி மருந்து போடுவார், பூச்சிக்கும் அடிப்பார். நண்டும் பூச்சியும் ஒரே கிளையைச் சேர்ந்த ஜீவன்கள், பூச்சிக்கு எமன் நண்டுக்கும் எமன். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒருவரிடம் இரண்டு சாக்கு நத்தை வாங்கினேன், மருந்தே அடிக்காத வயல் என்று சத்தியம் செய்தார். நானும் அவசரத்தில் ஊறப்போடாமல் அன்றைக்கே உடைத்துப் போட்டேன். காலையில் போனால் நண்டு மல்லாந்து கிடக்கிறது, கால் மட்டும் நடுங்குகிறது, தூக்கினால் கொடுக்கு தொங்குகிறது. மத்தியானத்துக்குள் நாற்பது நண்டு. வீட்டுக்காரி ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் இன்னும் மோசம். அதற்கப்புறம் எந்த நத்தையாக இருந்தாலும் மூன்று நாள் நல்ல தண்ணீரில், தினமும் தண்ணீர் மாற்றி, பட்டினி போட்டு வைக்கிறேன். செத்து மிதப்பது அதிகமாக இருந்தால் அந்தச் சாக்கே வேண்டாம். மிச்சத்தில் கொஞ்சம் எடுத்து, கொடுக்கு உடைந்து விலை போகாத இரண்டு நண்டுக்குப் போட்டு ஒரு ராத்திரி பார்ப்பேன். அவை நடமாடினால்தான் மற்றவற்றுக்கு. தோட்டத்து அலூரில் (வடிகாலில்) பொறுக்கும் நத்தைக்கும் இதே கதைதான். பாராகுவாட் 2020லிருந்து நம் நாட்டில் தடை, ஆனால் புல்லுக்கு வேறு மருந்து அடிக்காமலா இருக்கிறார்கள்? மண்டோரிடம் (தோட்டத்து மேற்பார்வையாளரிடம்) எந்தப் பக்கம் எப்போது அடித்தார்கள் என்று கேட்டுவிட்டு இறங்குங்கள்.

இரண்டாவது குழி, எலியின் நுரையீரல் புழு. இந்த நத்தை அந்தப் புழுவின் குஞ்சைச் சுமக்கும், மனுஷனுக்குப் போனால் மூளைச் சவ்வில் அழற்சி வரும். நண்டைவிட உங்களுக்குத்தான் ஆபத்து. கையுறை போடாமல் பச்சை நத்தையை உடைக்காதீர்கள், உடைத்த பலகையில் வேறு எதையும் வெட்டாதீர்கள், குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். நான் பெரிய தகரத்தில் தண்ணீர் கொதித்ததும் நத்தையைக் கொட்டி, மறுபடி கொதி வந்து பத்து நிமிடம் விட்டு இறக்குவேன். அதற்கு மேல் போனால் சதை கித்தா (ரப்பர்) கட்டி மாதிரி ஆகிவிடும், நண்டே இழுக்கத் திணறும்.

மூன்றாவது, பெண் நத்தையின் உள்ளே ரோஸ் நிறத்தில் ஒரு கட்டி இருக்கும். முட்டைக்கு மேல்பூச்சு தயாரிக்கும் சுரப்பி அது. முட்டையில் நச்சுப் புரதம் இருப்பதால்தான் பறவைகூட அதைப் பெரிதாகத் தொடுவதில்லை. வேக வைத்ததும் ஊக்கு ஒன்றை வைத்துச் சதையை இழுத்தால் முன்னால் காலும் பின்னால் சுருள் குடலும் சேர்ந்து வரும். பின்பக்கத்தைக் கத்தியால் தட்டிவிட்டுக் காலை மட்டும் வைத்துக்கொள்வேன். தட்டியது தென்னை மரத்து அடியில் குழிக்குப் போகும். இப்படிச் சுத்தம் செய்தால் ஒரு கிலோ சதைக்கு ஐந்து ஆறு கிலோ நத்தை வேண்டியிருக்கும், அதை மறைக்க விரும்பவில்லை. உங்கள் 3 கிலோவையும் நத்தையாலேயே நிரப்பப் பார்த்தால் நாள் முழுக்க ஊக்கும் கையுமாக உட்கார வேண்டியதுதான். அதனால்தான் முதுகெலும்பு என்றேன், முழு உடம்பு என்று சொல்லவில்லை. தீனியில் மூன்றில் ஒரு பங்கு நத்தை என்றால் வாரத்துக்கு இரண்டு நாள் வேலை, மூன்று கிலோ பொட்டலமாகக் கட்டி உறைபெட்டியில் போட்டுவிடலாம்.

அடுத்தது மீன் கழிவு. ஜெட்டியில் கிடைக்கும் முழு மீனைச் சொல்லவில்லை, காலை மார்க்கெட்டில் வெட்டி எறியும் தலை, முள், வால் சதை. மீன் வெட்டும் அண்ணனிடம் மூடி போட்ட வாளி ஒன்றைக் கொடுத்து, குடலை வேறாகவும் மற்றதை வேறாகவும் போடச் சொல்லுங்கள். குடல் சீக்கிரம் கெடும், எண்ணெய் விடும், அது நண்டுக்கு வேண்டாம். ஐஸ் கட்டியும் நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள், அதில் கஞ்சத்தனம் பார்த்தால் மத்தியானம் வாளியைத் திறக்க முடியாது. நண்டின் உடம்புக்குக் கடல் மீனில் இருக்கிற நீளமான ஒமேகா 3 கொழுப்பு வேண்டும். அது புழுவிலும் புண்ணாக்கிலும் இல்லவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள், நத்தையிலும் கடல் மீன் அளவுக்குக் கிடையாது. ஆகவே மீனை முழுசாக விட்டுவிடலாமா என்ற உங்கள் கேள்விக்கு என் பதில், விட முடியாது. ஆனால் முழு மீனை விடலாம்.

கோழிக் குடல் சும்மாவே கிடைக்கும், கெலி (கெளுத்தி) மீன் வளர்ப்பவர்கள் போடுகிறார்கள், நான் போட மாட்டேன். கொழுப்பு மிதந்து பெட்டி ஓரமெல்லாம் பிசுபிசு என்று ஒட்டும், நாற்றம் போகாது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இதை யாரும் எழுதுவதில்லை. நம் நண்டை வாங்குவது சீனர் கடை மட்டும் கிடையாது, மலாய்க்காரர் கடைக்கும் போகிறது. சாப்பாட்டுக் கடைக் கழிவு என்று சொல்லி வருவதில் பன்றிக் கொழுப்பு கலந்திருந்தால், அது நேராக நண்டுக்குப் போனாலும் சரி, புழு வழியாகப் போனாலும் சரி, ஒரு தடவை பேச்சு கிளம்பிவிட்டால் உங்கள் வியாபாரம் முடிந்தது. அவர்கள் நம்பிக்கையை மதிப்பது ஒரு பக்கம், வயிற்றுப் பிழைப்பு இன்னொரு பக்கம். எங்கே இருந்து வந்த கழிவு என்று தெரியாவிட்டால் தொடாதீர்கள்.

இறால் தலை. இதைக் குறைவாக எடை போடாதீர்கள். நண்டு ஓடு மாற்றினால்தான் வளரும், ஓடு மாற்றத் தூண்டும் ஹார்மோனை அதன் உடம்பு கொலஸ்ட்ராலிலிருந்துதான் செய்யும். நமக்குக் கொலஸ்ட்ரால் அதிகமாகிவிட்டது என்று டாக்டர் மாத்திரை எழுதித் தருகிறார், நண்டுக்கோ அதைச் சொந்தமாகத் தயாரிக்கவே தெரியாது, தின்னுவதில் இருந்தால்தான் உண்டு. குஞ்சு நண்டுக்குக் காய்ந்த தீனியில் அரை சதவீதம் அளவுக்கு இருந்தால் நல்லது என்று ஆய்வு சொல்கிறது. இறால் தலையில் அது தாராளமாக இருக்கிறது, கூடவே சுண்ணாம்பும், ஓட்டுக்குச் செம்பழுப்பு நிறம் கொடுக்கும் சத்தும். வாசனை வேறு நண்டை இழுக்கும். இறால் உரிக்கிற இடங்களில் கேட்டால் கிடைக்கும். ஆனால் பச்சையாகப் போடாதீர்கள். இறாலைக் கூண்டோடு கொல்கிற வெள்ளைப்புள்ளி வைரஸ் நண்டையும் தொற்றும், நண்டு சாகாமலே அதைச் சுமந்து திரியலாம். பக்கத்தில் இறால் குளம் வைத்திருப்பவருக்கு உங்களால் அது போய்ச் சேர்ந்தால் சும்மா விடுவாரா? நன்றாக வேக வைத்து, இடித்து, பின்னால் சொல்லப்போகும் தீனி மாவோடு சேருங்கள். பத்தில் ஒரு பங்கு போதும்.

இப்போது நீங்கள் ஆசையாகக் கேட்ட புண்ணாக்கும் புழுவும்.

செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கில் புரதம் 14 முதல் 18 சதவீதம், தேங்காய்ப் புண்ணாக்கில் 20 சதவீதம் பக்கம். நண்டுக்குக் காய்ந்த கணக்கில் 32 முதல் 40 சதவீதம் வேண்டும், கொழுப்பு 6 முதல் 12. ஆக, கணக்கிலேயே பத்தாது. இதைச் சொன்னதும் சிலர் நண்டு செடி கொடி தின்னாது, அதனால்தான் என்பார்கள். அது தப்பு. பிலிப்பைன்சில் இலோய்லோ பக்கம் இருக்கிற சியாஃப்டெக் என்ற மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள், சோயா, தேங்காய்ப் புண்ணாக்கு ஆகியவற்றின் புரதத்தை நண்டு நன்றாகவே செரிக்கிறது. அதன் வயிற்றில் நாரை உடைக்கிற நொதிகூட இருக்கிறது. எனவே மாவில் கொஞ்சம் சேர்த்தால் வீணாகாது. பிரச்சினை, செம்பனைப் புண்ணாக்கில் நொறுங்கிய கொட்டை ஓடும் நாரும் அதிகம், தண்ணீரில் உதிரும். தேங்காய்ப் புண்ணாக்கு ஈரம் பட்டால் பூஞ்சணம் பிடிக்கும், அந்தப் பூஞ்சணத்தின் நச்சு கொதிக்க வைத்தாலும் போகாது. கட்டி தட்டியிருந்தால், பச்சை பூத்திருந்தால், மலிவு என்று வாங்காதீர்கள்.

அதைப் புழுவுக்குப் போடுங்கள் என்றேனே, அது கருஞ்சிப்பாய் ஈயின் புழு, லாலாட் அஸ்கார் ஹீத்தாம் என்று விற்கிறார்கள். விலைக்கு வாங்கவே தேவையில்லை, நம் தோட்டத்திலேயே பறக்கிறது. குளவி மாதிரி கறுப்பாக, நீளமாக இருக்கும், கடிக்காது, வீட்டு ஈ மாதிரி சோற்றில் வந்து உட்காராது. ஒரு தொட்டியில் செம்பனைப் புண்ணாக்கை ஈரமாக்கி மூன்று நாலு நாள் புளிக்க விடுங்கள், மேலே சந்தான் கடையில் பிழிந்து எறியும் தேங்காய்ச் சக்கையைத் தூவுங்கள். தொட்டிக்கு மேலே அட்டைப் பெட்டித் துண்டை, அந்த நெளிநெளியான ஓட்டை தெரிகிற பக்கம் பார்த்துக் கட்டித் தொங்கவிடுங்கள். அந்த ஓட்டைக்குள் வந்து முட்டை வைக்கும். நாலு நாளில் பொரிக்கும், அடுத்த இரண்டு வாரத்தில் அரிசிப் புட்டு உதிர்ந்தது மாதிரி தொட்டி நிறையப் புழு. வெளிர் நிறத்தில் இருக்கும்போதே அள்ளிவிட வேண்டும், கறுத்துவிட்டால் தோல் தடித்துப்போகும். காய்ந்த கணக்கில் புரதம் 40 சதவீதம் பக்கம், கொழுப்பு 30 பக்கம், சுண்ணாம்பு நிறைய. கேட்க நன்றாகத்தானே இருக்கிறது? நான் முதலில் புழுவை அப்படியே பெட்டியில் போட்டேன். மிதந்தது. நண்டு கீழே உட்கார்ந்து மேலே பார்க்கிறது, புழு மேலே சுற்றுகிறது. பக்கத்து வீட்டுக் கோழிக்குத்தான் விருந்து. அதனால் வெந்நீரில் முக்கி எடுத்து, நசுக்கி, மாவோடு பிசையுங்கள். பத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் ஒன்றரைப் பங்கு. அதன் கொழுப்பு தேங்காயெண்ணெய் மாதிரி, நண்டுக்கு வேண்டிய கொழுப்பு அது இல்லை.

மற்றவை பற்றி ஒரே மூச்சில். ஈக்கான் பண்டாராயா, அந்த முதலைத் தோல் மீன், வலையில் சலிக்காமல் வருகிறது, வெட்டுவதற்குள் கத்தி போய்விடும். பட்டணத்து ஆற்றில் பிடித்தது என்றால் அடிச்சேற்றில் இருக்கிற உலோகமெல்லாம் அதன் உடம்பில்தான் இருக்கும், வேண்டாம். மறுநடவுக்குச் சாய்த்த செம்பனைத் தண்டில் கொழுகொழு என்று வண்டுப் புழு கிடைக்கும், ஒருவர் அதைப் போடலாமா என்று கேட்டார். அந்த வண்டுக்கு அடிக்கும் மருந்து எது என்று தோட்டத்தில் கேட்டுப் பாருங்கள், அப்புறம் நீங்களே போட மாட்டீர்கள். அலையாத்தியில் பொறுக்கும் பெலித்தோங் நத்தையை நண்டு விரும்பித் தின்னும், ஆனால் அது மனுஷன் தின்கிற சாமான், அதை நம்பிப் பொறுக்கிப் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள். கெராங் சிப்பி விலை உங்களுக்கே தெரியும். அலூரில் தானாகப் பெருகும் திலாப்பியா பரவாயில்லை, மருந்து விஷயம் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இறால் பெல்லட் ஒரு மூட்டை அவசரத்துக்கு வைத்திருங்கள், மழைக்காலத்தில் கைகொடுக்கும்.

சரி, மாவு. என் கைக்கணக்கு பத்துக் கிலோவுக்கு இது: சதையோடு இருக்கிற மீன் கழிவு அரைத்தது 4 கிலோ, வெந்த நத்தைக் கால் பொடிப்பொடியாக வெட்டியது 3 கிலோ, வெந்து இடித்த இறால் தலை 1 கிலோ, நசுக்கிய புழு 1 கிலோ, தவ்ஹூ (டோஃபு) செய்யும் இடத்தில் கிடைக்கும் சோயாச் சக்கையை நன்றாகப் பிழிந்து 1 கிலோ. சேர்மானத்தைப் பிடித்து நிறுத்துவது மரவள்ளி மாவு. முக்கால் கிலோவைத் தண்ணீரில் கரைத்து, அடுப்பில் கண்ணாடி மாதிரி ஆகும்வரை கிண்டி, சூட்டோடு கொட்டிப் பிசைய வேண்டும். பச்சை மாவாகச் சேர்த்தால் பெட்டியில் பால் கலக்கின மாதிரி ஆகிவிடும். பிசைந்ததைத் தட்டில் ஒரு விரல் கனத்துக்குப் பரப்பி இட்லி மாதிரி ஆவியில் வேக வைத்து, ஆறியதும் துண்டு போட்டு உறைய வையுங்கள். ஒரு துண்டைக் கண்ணாடி டம்ளரில் உப்புத்தண்ணீர் ஊற்றிப் போட்டு வையுங்கள், மூன்று மணி நேரம் கழித்தும் முனை மழுங்காமல் இருந்தால் தேறியது. நண்டு மீன் மாதிரி விழுங்காது, கையில் வைத்துக்கொண்டு பிய்த்துப் பிய்த்துத் தின்னும், உதிர்ந்துபோகிற தீனி எவ்வளவு சத்தாக இருந்தாலும் தண்ணீருக்குத்தான்.

இந்த மாவே எல்லாருக்கும் பொருந்தும் என்று நினைக்காதீர்கள். நீங்கள் செய்வது தண்ணி நண்டை, அதாவது ஓட்டுக்குள் சதை நிரம்பாத நண்டைக் கொழுக்க வைப்பது, மூன்று நாலு வாரச் சமாசாரம். அதற்கு மாவு வாரத்தில் நாலு நாள், ஓட்டை லேசாகத் தட்டி விரிசல் விட்ட முழு நத்தை மூன்று நாள் என்று மாற்றிப் போடலாம். அந்த முழு நத்தையையும் கொதியில் போட்டு எடுத்துத்தான் தட்ட வேண்டும், பெண் நத்தை சந்தேகமாக இருந்தால் மாவுக்குத் தள்ளிவிடுங்கள். நிரம்பியதா என்று பார்க்க, அடிப்பக்கம் கடைசி நடைகாலின் அடியில் கட்டைவிரலால் அழுத்துங்கள், அமுங்கினால் இன்னும் வாரம் இருக்கிறது. ஓட்டின் ஓர முள்ளைச் சூரியனுக்கு எதிரே பிடித்து, வெளிச்சம் ஊடுருவுகிறதா என்றும் பார்க்கலாம்.

மெத்து ஓட்டு நண்டு, அதாவது கோலா செப்பேத்தாங் பக்கம் செய்கிற சங்காங் லெம்புட் வேலைக்குக் கதை வேறு. சிலர் சீக்கிரம் ஓடு மாற்றவைக்கக் கொடுக்கையும் கால்களையும் கழற்றிவிடுகிறார்கள். எனக்கு அது பிடிக்காது, அது கிடக்கட்டும். கொடுக்கு இல்லாத நண்டுக்கு நத்தை ஓட்டைப் போட்டு என்ன பயன்? சுண்டுவிரல் நகம் அளவுக்கு மிருதுவான துண்டு வாய்க்குப் பக்கத்தில் கிடந்தால்தான் தின்னும். ஓடு மாற்றுவதற்கு இரண்டு மூன்று நாள் முன்னால் எந்த நண்டும் வாயைக் கட்டிவிடும், அதை நோய் என்று நினைத்து விதவிதமாகத் தீனி போட்டுத் தண்ணீரைக் கெடுக்காதீர்கள்.

கேட்காத ஒன்றும் சொல்கிறேன், கோபப்படாதீர்கள். தீனியை இவ்வளவு யோசிக்கிற நீங்கள் நண்டை எங்கே வாங்குகிறீர்கள்? உள்ளங்கைகூட நிறையாத குஞ்சையும், வயிற்றில் முட்டை ஒட்டிய பெண் நண்டையும் தவுக்கே (வியாபாரி) கொண்டுவந்தால் திருப்பி அனுப்புங்கள். நம் நாட்டில் குஞ்சு பெரும்பாலும் காட்டிலிருந்துதான் வருகிறது. மாத்தாங் அலையாத்திக் காடு 40,000 ஹெக்டேர், 1902லிருந்து ஒழுங்காகப் பார்த்துக்கொள்கிறார்கள், அது இருப்பதால்தான் வடக்கே இந்தத் தொழில் ஓடுகிறது. குஞ்சு பொரிப்பு பற்றி விவரம் வேண்டுமென்றால் மலேசிய தெரங்கானு பல்கலைக்கழகத்தில் சேற்று நண்டு ஆராய்ச்சி செய்கிறார்கள், மாவட்ட மீன்வளத் துறையிலும் போய்க் கேளுங்கள்.

கடைசியாக, மாற்றும் முறை. மீனுக்குப் பழகிய நண்டுக்குத் திடீரென்று மாவு போட்டால் முதல் ராத்திரி தொடாது. இரண்டாம் ராத்திரி காலால் தள்ளிவிடும். நீங்கள் பயந்து மறுபடி மீனைப் போட்டால் அதற்கு உங்கள் குணம் தெரிந்துவிடும். 20 பெட்டியில் மட்டும் தொடங்குங்கள். மாவுத் துண்டின் மேல் இறால் தலை வேக வைத்த தண்ணீரைத் தெளித்து, பாதி மீன் பாதி மாவாக நாலு நாள், அப்புறம் கால் பங்கு மீனாக நாலு நாள். எட்டாம் நாள் சாயங்காலம் டார்ச்சைத் துணியால் மூடிக்கொண்டு போய்ப் பாருங்கள். துண்டை இரண்டு கொடுக்காலும் மார்போடு அணைத்துக்கொண்டு மூலையில் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும். அப்போது மற்ற 180 பெட்டிக்கும் மாவு பிசையலாம்.